நாலாவது டிக்கெட்

என் மகளுக்கு நாலு வயது ஆகும்வரை, மலையை விட்டு இறங்கிய ஒவ்வொரு தடவையும் அவள் வாந்தி எடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எங்கள் ஊரில் பஸ் ஏறினால் அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இறங்கும்போது எழுபதில் தொடங்கி ஒன்றில் முடியும். அறுபதில் அவள் முகம் வெளுக்கும். நாற்பதைத் தொடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், தங்கை எந்த வளைவில் எடுத்தாள் என்பதைத் தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். கேலிக்காக இல்லை. அவனுக்கு நம்பர் என்றால் உயிர்.

இதில் மானக்கேடு என் வீட்டுக்காரருக்குத்தான். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு, வாரத்தில் நாலு நாள் பிக்கப் வண்டியில் அதே ரோட்டில் இறங்கி, ஜவ்வரிசி செய்யும் அடிவாரத்து சேகோ ஃபேக்டரியில் போட்டுவிட்டு வருகிறவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று ஊரில் பேச்சு. அவர் பெற்ற பெண் நாற்பத்தெட்டாவது வளைவைத் தாண்ட மாட்டேன் என்கிறாளே என்று டீக்கடையில் அவரை ஓட்டாத ஆள் இல்லை.

நிலைமை இப்படி இருக்க, அந்தமான் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். என் தம்பி அங்கே கட்டட வேலையில் இருக்கிறான். போய் ஆறு வருடம் ஆகிறது. போன் பண்ணும்போதெல்லாம், பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா, வாசலில் நின்றாலே கடல் தெரிகிறது என்பான். இந்த வருடம் மிளகு நன்றாகக் காய்த்தது. பறித்து, காயவைத்து, விற்றும் முடித்தாயிற்று. பையனுக்குப் பரீட்சை லீவு வந்துகொண்டிருந்தது. இப்போது போகாவிட்டால் எப்போதும் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. எனக்குத் தோன்றிவிட்டால் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

தம்பிதான் பிளேன் டிக்கெட் போடுவதாகச் சொன்னான். இரண்டு வயதுக்கு மேலே போய்விட்டால் குழந்தைக்கும் தனி டிக்கெட்டாம். "நாலா மூணான்னு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுக்கா. அப்பறம் கெடைக்காது" என்றான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர், ஸ்டியரிங் பிடித்த கையாலேயே சோற்றைப் பிசைந்துகொண்டு, நான் பயந்துகொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார்.

"பாப்பாவ எங்கக்கா ஊட்டுல வுட்டுப்போட்டுப் போலாம் புள்ள. பஸ்ஸு, ரயிலு, பிளேனு, அங்க போயி கடல்ல போட்டு வேற. அது தாங்காது. வாற வருசம் கூட்டிட்டுப் போலாம்."

அவருடைய அக்கா எங்கள் மலையிலேயே பெரக்கரை நாடு என்கிற பக்கத்தில் இருக்கிறார். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். என் வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த 'வாற வருசம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் பாவம், குழம்பில் உப்புப் பத்தவில்லை என்று அதற்கு முன்னால் சொன்னதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனார்கள். அந்தக் காலத்தில் நானும் இப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் வாந்தி. அதனால் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வேன் கிளம்பும்போது என் அப்பா ஜன்னல் வழியாகக் குனிந்து, அடுத்த வருசம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் சாமி என்றார். திரும்பி வந்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தார்கள். துளையில் கண்ணை வைத்துப் பித்தானை அழுத்தினால் உள்ளே கோயில், கோபுரம் என்று படம் மாறும். அதில் ஒரு படம் கடல். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். நான் பார்த்துப் பார்த்துப் பித்தானை உடைத்தேன். அடுத்த வருடம் வேறு செலவு வந்தது. அதற்கடுத்த வருடம் யாருக்கும் ஞாபகமே இல்லை. முப்பத்து நாலு வயதுவரை நான் பார்த்திருந்த கடல் அந்த டப்பாவுக்குள் இருந்ததுதான்.

யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது பொய். கோபம் இருந்தது. என் பெண்ணை அப்படி விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அவள் இல்லாவிட்டால் நானும் போகவில்லை, அவள் அப்பாவும் பையனும் மட்டும் போகட்டும் என்று முடிவு பண்ணினேன். ஆனால் அதற்கு முன் அவளைப் பழக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. டிக்கெட் சொல்ல இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஆக, அந்தமான் போவதற்கான ஏற்பாடு என்று நாங்கள் செய்ததெல்லாம் காரவள்ளிவரை போய்விட்டுத் திரும்பி வருவதுதான். முதல் தடவை டாக்டரிடம் கேட்டு வாங்கிய மருந்தைக் கொடுத்தேன். பெண் தூங்கினாள். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றில் கண் விழித்து, என் மடியிலேயே எடுத்தாள். 'முப்பத்தொண்ணு, மருந்து' என்று பையன் நோட்டில் எழுதினான். இரண்டாவது தடவை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்து, மூக்குக்கு நேரே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். நாற்பத்தெட்டு. பழைய இடமேதான். திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நா கெட்ட புள்ளையாம்மா?" என்று கேட்டாள். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு தடவையும் ஒன்றை மட்டும் தவறாமல் செய்தேன். அவள் வாயில் ஒரு பருக்கை படாமல் பார்த்துக்கொண்டேன். அது எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கீழே இறங்குகிற நாளில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். 'கீழ போயி சாப்பிட்டுக்கலாம்' என்பதுதான் எல்லோரும் சொல்வது. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கும் என்பது கணக்கு. காரவள்ளியில் பஸ் நின்றதும் எங்கள் ஆட்கள் இட்லிக் கடைக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், பஞ்சத்தில் அடிபட்டவர்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். என் அம்மா எனக்கு அப்படித்தான் செய்தாள். நான் என் பெண்ணுக்கு அப்படியே செய்தேன்.

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். காலை முதல் பஸ். நல்ல கூட்டம். வாசலை ஒட்டி ஒரு சீட்டில் நகர்ந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு, நான் பிளாஸ்டிக் பையை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அறுபது போனது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வந்தபோது பையை அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் குரங்கைக் காட்டிச் சிரித்தாள். முப்பத்தொன்றும் போய்விட்டது. இருபதுக்குக் கீழே வந்ததும் பையன் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். பஸ்ஸில் பாதிப் பேர் கூடவே படித்தார்கள். எங்கள் கதை அந்த பஸ்ஸில் தெரியாதவர்கள் யார்? ஒன்று என்றபோது கண்டக்டர் பிகில் ஊதினார்.

காரவள்ளியில் இறங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டேன். கவுன் பாக்கெட் ஈரமாக இருந்தது. கையை விட்டால் இரண்டு வாழைப்பழத் தோல். எங்கள் மலைப்பழம்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யார் கொடுத்தது என்று பையனைப் பார்த்தேன். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"பாப்பா பசிக்குதுன்னு அழுதுட்டே இருந்தாம்மா. நீ ஊட்டப் பூட்டப் போனப்ப நாந்தான் குடுத்தேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்த அன்று, வெறும் வயிறாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், லேசாக ஏதாவது கொடுங்கள் என்று சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அன்றைக்கு அதை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை. மலை ரோட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நாலு வருடமாகக் குழந்தையைப் பட்டினி போட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்பார்களே, அதேதான். ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து நான் அழ, பிள்ளைகள் இரண்டும் பயந்துபோய் என்னைப் பார்த்தன.

தம்பிக்குப் போன் பண்ணி நாலு என்றேன். என்னக்கா நாலு என்றான். டிக்கெட்டு என்றேன். பிறகு பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது அவளுக்கு எழுபதும் ஏறுவதற்குள் நல்ல தூக்கம். நோட்டில் 'ஒண்ணுமில்ல' என்று எழுதிய பக்கத்தை அவள் அண்ணன் ஊர் முழுக்கக் காட்டினான்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாலு ஸ்வெட்டர், நாலு குல்லா எடுத்துவைத்தோம். காலைப் பஸ் குளிருமே என்று எடுத்தது, அப்படியே அந்தமான்வரை வந்து, தம்பி வீட்டில் தலையணையாகக் கிடந்தது. வழியெல்லாம் அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது கொடுத்துக்கொண்டே போனேன். ரயிலில் ஒன்றும் இல்லை. பிளேனில் ஒன்றும் இல்லை. இதில் எத்தனை வளைவு என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கு ஏமாற்றம்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தீவுக்குப் போட்டில் கிளம்பினோம். எல்லோருக்கும் காலையில் தோசை வார்த்துப் போட்டேன். நான் சாப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டு என்றதும் என் வயிறு தானாக மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் போட்டு ஆட ஆரம்பித்தது. கடலைப் பார்க்கக்கூட என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ என் முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார்கள். சின்னக் கை. நான் எடுத்து முடிக்கும்வரை அந்தக் கை நகரவில்லை.

நிமிர்ந்தபோது அவள் இன்னொரு கையால் பாக்கெட்டிலிருந்து, நசுங்கிப்போன ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"தின்னுட்டு வந்திருக்கோணும் கண்ணு" என்றாள். நான் அவளிடம் பேசுகிற அதே குரல்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். ராமேஸ்வரத்துக்கு வேன் கிளம்பிய அன்றும் வீட்டில் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்கள், எனக்கும் பசித்துக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. தீவில் இறங்கும்போது என் பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வாந்தி எடுத்துவிட்டேன், ஆனாலும் என்னை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை.