பனி பத்தாத படம்

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான். பட்டது நான்.

பர்மாவின் மலை ஊரான பியின் ஊ லுவினில் நானும் என் கணவர் கோ மியிண்ட்டும் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறோம். ஓவியர் ஊ லூன் தின் வரைந்த நீர்வண்ணப் படங்கள் என்றால் எனக்கு உயிர். ஏரி, மூங்கில், மூடுபனி. ஆள் அரவமே இருக்காது. பார்த்தாலே மனசு அடங்கிவிடும். கை நடுக்கம் வந்தபின் அவர் வரைந்த கடைசிப் படம் எங்களிடம் வந்திருந்தது. சனிக்கிழமை கண்காட்சி. அதற்கு ஏதாவது ஆனால் இன்னொன்று வரைய அவரால் முடியாது.

வியாழன் பகல் 1.40. படத்தைக் கையில் எடுத்தேன்.

எதிர்க்கரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. உற்றுப் பார்த்தேன். வெள்ளை உடுத்திய பெண்.

காலையில் அவள் இல்லை. சத்தியமாக இல்லை.

சந்தேகம் நேராக என் கணவர்மேல் போனது. பிளேடால் சுரண்டினால் தாளின் வெள்ளை தெரியும்.

"இதுல கை வெச்சீங்களா?"

"ஆமா, எனக்கு வேற பொழப்பே இல்ல பாரு!"

விரலால் தடவினேன். ஒரு கீறல்கூட இல்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை பூசமாட்டார்கள். தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். வண்ணம் ஏறிய இடம் சுரண்டாமல் மறுபடி வெள்ளையாகாது.

அப்போதும் அவரை நம்பவில்லை. வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

2.25. அவள் ஏரி நடுவில் இருந்தாள். முன்பு நின்ற இடத்தில் காய்ந்த பனி வண்ணம்.

2.50. இந்தக் கரை.

சளக்...

ஈரக் காலடி. கடைக்குள்ளே.

சளக்... சளக்...

ஓவியருக்குப் போன் போட்டேன். அவரைச் சயா, அதாவது குரு, என்றுதான் கூப்பிடுவேன்.

"சயா... படத்துல ஒரு பொண்ணு..."

"எவ்வளவு கிட்ட வந்துட்டா?"

"இந்தக் கரைக்கு..."

"ச்சே! பனி பத்தல."

போனை வைத்துவிட்டார்.

தாழைத் திறந்துகொண்டு ஓடினேன். கணவரோடு திரும்பி வந்தபோது படத்தில் யாரும் இல்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது. அவரைச் சந்தேகப்பட்டோமே என்று அழுகையாக வந்தது.

கண்காட்சியில், "என்ன அமைதி! என்ன அமைதி!" என்று எல்லோரும் உருகினார்கள். ஓவியரின் மகள் மா ஏய் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"முதல்ல அப்பா பனியே வரையமாட்டாருக்கா. எதை வரைஞ்சாலும் அவ வந்து நின்னுடுவா. அவளை மறைக்கத்தான் பனி. அவ கிட்ட வர வர, பனியைக் கூட்டிக்கிட்டே போவார்."

எனக்கு எங்கள் படுக்கையறைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு ஓவியர் கொடுத்த படம் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. பதினொரு வருடமாக அதன் கீழேதான் தூங்குகிறோம். அதில் ஏரி கிடையாது. மூங்கில் கிடையாது.

முழுக்கப் பனி.