அலைகரைக்குள் பதினொரு அடி

அந்தச் சனிக்கிழமை பற்றி என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலை 7.40. மந்தாரம். நான்காம் குழுவுடன் குளத்தின் கிழக்குப் பக்க ஒழுங்கை. ஐந்தாவது வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். வீட்டு நாய் சாது. அளவுநாடா பிடித்திருந்த மாணவியின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது." எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றும் விளங்காமல் எழுதியிருக்கிறேன்.

வவுனியாவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிலைபேறான நகரம் பற்றிய பாடம் எடுக்கிறேன். சூழலியல், முகாமைத்துவம், தகவல் தொழில்நுட்பம் என்று மூன்று துறைகளிலிருந்தும் வருவார்கள். பாதிப்பேர் சிங்களப் பிள்ளைகள், மற்றவர்கள் தமிழும் முஸ்லிமும். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், வாக்குவாதம் மூன்று மொழியிலும் நடக்கும். குழு பிரிப்பதற்கு என்னிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு குழுவில் ஒரே துறையினர் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரே மொழிக்காரரும் அப்படியே. பட்டியலை ஒருமுறை ஒட்டினால் மாற்றமாட்டேன்.

அந்தத் தவணை நகரத்துக்குள் இருக்கும் ஒரு சிறு குளத்தை எடுத்தோம். மாரியில் குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறி நிற்கும் நிலத்தை அலைகரை என்போம். அந்த நிலத்தில் வீடுகள் வந்ததால் தண்ணீர் இப்போது கடைத்தெருவுக்குள் போகிறது. அலைகரையின் எல்லையை அளந்து, அதற்குள் இருக்கும் கட்டடங்களைச் சிவப்பால் காட்டவேண்டும். அதுதான் வேலை.

சிவப்புக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று வகுப்பில் கேட்டேன். "அலைகரைக்குள் உள்ளவை எண்டு போட்டாக் காணாதா சேர்?" என்றாள் முகாமைத்துவப் பிள்ளை ஒருத்தி.

"காணாது. படத்தைப் பாக்கிறவருக்கு முடிவு தெரியவேணும்" என்று சொல்லி, பலகையில் 'அகற்றப்பட வேண்டியவை' என்று நானே எழுதினேன். கீழே ஒரு சிங்கள மாணவன் அதைத் தன் மொழியில் எழுதினான். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "மச்சான், குப்பை லொறியில எழுதின மாதிரியே இருக்குடா!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் நான்காம் குழு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்பது பதிவேட்டில் இருந்தது. எங்கே குடியேறினார்கள் என்று நான் கேட்டதில்லை.

"சேர், என்னை வேற குழுவில போடுவீங்களோ?"

"ஏன்?"

"சும்மா, சேர்."

"சும்மா எண்டதுக்கெல்லாம் குழு மாத்தினா ஒழுங்கு எங்க இருக்கும், பிள்ளை?"

"ஓம் சேர்" என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை ஐந்தாவது வீட்டு வாசற் படலையடியில் நாடாவை விரித்தபோது ஒரு அம்மா வெளியே வந்தார். "நகரசபையிலருந்தா ஐயா வாறீங்க?"

"இல்லை அம்மா. படிக்கிற பிள்ளைகள். இது வெறும் படிப்புக்குத்தான்."

"அளந்தா பின்னாடி யாராச்சும் வருவாங்களே."

"ஒருத்தரும் வரமாட்டினம். நான் பொறுப்பு."

அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். நாடா பிடித்திருந்தவளிடம், "இந்தாங்க பிள்ளை, நீங்களும் குடிங்க" என்று நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். குடித்து முடித்து, பின்பக்கம் போய் அடுப்பு இருக்கும் குசினியின் மூலையை அளந்து வந்து கொப்பியைக் காட்டினாள். எல்லைக்கு உள்ளே பதினொரு அடி. நான் திரும்ப அளந்தேன். ஓர் அங்குலமும் பிசகவில்லை. மற்றவர்கள் முன்னால் அவளைப் பாராட்டினேன்.

வரைபடங்களை மண்டபத்தில் தொங்கவிட்ட நாளில், நகரசபை உத்தியோகத்தர் ஒருவரை நான்தான் அழைத்திருந்தேன். நான்காம் குழுவின் படத்தடியில் அவர் கனநேரம் நின்றார். "இது எங்களுக்கு உதவும் சேர். ஒரு பிரதி தருவீங்களோ?" அன்றைக்கே சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுத்தேன். மகிழ்ச்சியோடுதான் கொடுத்தேன்.

அவர் போனபிறகு, பலகையில் எழுதிய, நான்காம் குழுவைச் சேர்ந்த அந்தச் சிங்கள மாணவன் குண்டூசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். இங்கே வந்துதான் தமிழ் பழகியவன். "சேர், அந்தப் படம் குடுத்தது சரியா?"

"ஏன் தம்பி?"

"அளந்த பிள்ளைட வீடுதானே அது."

"எது?"

"நாய் வந்தது தானே சேர். நாங்கள் எல்லாருக்கும் தெரியும். சேருக்கும் தெரியும் எண்டு நினைச்சம்."

தெரிந்துகொண்டே செய்கிறேன் என்று ஒரு வகுப்பு முழுவதும் நினைத்திருக்கிறது. சொந்தத் தாய் தன் மகளுக்கு அந்நியரைப்போலத் தேத்தண்ணி கொடுத்ததை, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, நாயைப் பற்றி எழுதியவன் நான்.

உடனே போயிருக்கவேண்டும். மூன்று கிழமை போகவில்லை. பரீட்சைப் புள்ளிகள் அனுப்பி முடியும்வரை ஒரு மாணவியின் வீட்டுக்குப் போவது முறையல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதே சரியான சொல். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் என் அப்பாவுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வயற்காணி கிடைத்தது. அந்தக் கடதாசி எப்போதும் எங்கள் அலுமாரியில் இருந்தது. எல்லைக்கோடு என்றால் எங்களைக் காப்பாற்றுவது என்றே நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

முதலில், குழு மாற்றச் சொல்லிக் கேட்ட அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அளவு சரிதானே சேர். பிழையா அளந்திருந்தா எனக்குத்தான் வெக்கம்" என்றாள். போகத் திரும்பியவள், "சிவப்புக்குக் கீழ எழுதினது நானில்லை" என்றாள்.

அன்றே உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதினேன். அந்த வாசகம் என்னுடையது, குடும்பங்களைக் கேளாமல் எழுதியது, படத்தைத் திருப்பித் தாருங்கள் என்று. இன்றுவரை பதில் இல்லை.

பிறகு ஒழுங்கைக்குப் போனேன். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். படம் யார் கையில் இருக்கிறது என்பதையும், பொறுப்பு என்று சொன்ன நானே அதைக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"மக ஒன்னும் சொல்லல. எத்தன அடி ஐயா உள்ளுக்கு இருக்கு?"

"பதினொரு அடி."

திரும்பிப் பார்த்துக் கண்ணால் அளந்தார். "அப்ப குசினி மட்டுந்தான்" என்றார். பிறகு அந்தக் குசினிக்குள்ளேயே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"ஐயாவுக்குச் சீனி எத்தன கரண்டி?" என்று உள்ளேயிருந்து கேட்டார். எழுந்து குசினி வாசலடிக்குப் போய், "ஒரு கரண்டி காணும், அம்மா" என்றேன்.