அற்புதராஜுக்குத் தெரியாத வினைச்சொல்

ஓசூர் தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர் அற்புதராஜ். அவருடைய இங்கிலீஷை நம்பிப் பேரிகை மாதிரி தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து அவர்கள் கொட்டுகிற துயரத்தை நாலு கனமான வாக்கியத்தில் அடக்கிவிடுவார். 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. அதைச் சொல்கிற ரைட்டரிடம் மறுபடி எவன் வருவான்?

ஐம்பத்து நாலாம் வருஷம், உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து வெள்ளையம்மா ஒரு நோட்டீஸோடு வந்தாள். புருஷன் திம்மப்பன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் ஒன்றரை ஏக்கர் ராகிக் கொல்லை.

நிலம் சர்க்காருக்கு 'எஸ்சீட்' ஆகிறது, ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும் என்றிருந்தது நோட்டீஸில். அந்த வினைச்சொல்லை அற்புதராஜ் ஜென்மத்தில் பார்த்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்பீரமாக வாசித்தார்.

"இன்னாங்க ரைட்டரய்யா எழுதியிருக்குது?"

"நிலத்தைச் சர்க்கார் பதிவுல ஏத்திக்கிறாங்கம்மா. நல்லதுதான். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, கொல்லை ஏலத்துக்கு வருகிறதென்று ஊரில் தமுக்கு அடித்தார்கள். வெள்ளையம்மா ஓடிவந்து சொன்னதும் அற்புதராஜ் அந்த நோட்டீஸை மறுபடி வாங்கிப் பார்த்தார். பாதிரியார் பங்களாவுக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினார். வாரிசில்லாமல் செத்தவன் சொத்து அரசைச் சேர்வது என்று பொருள் போட்டிருந்தது. கட்டியவள் உயிரோடிருக்கும்போதே வாரிசில்லை என்று எவனோ எழுதிவைத்திருக்கிறான். மறுத்து ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இந்த மனுஷன் எழுதவில்லை.

"எனக்கு அந்த வார்த்தை தெரியாதும்மா" என்றார் அவளிடம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆளைக் கேட்டிருப்பேனுங்களே" என்றாள். வைதிருந்தாலாவது அவர் மனசு ஆறியிருக்கும்.

அன்று அவர் எழுதிய மனுவில் அலங்காரம் எதுவும் இல்லை. இந்த அம்மாள் கெடுவுக்குள் வந்தாள், பொருள் தெரியாமல் நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். கச்சேரியே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு நிலம் திரும்பினால் சரி என்றிருந்தார்.

தை மாதம் உத்தரவு வந்தது. வெள்ளையம்மா அதை நீட்டினாள். "இதுல தெரியாத வார்த்தை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மூன்றே வரி. இரண்டு தரம் படித்தார்.

"இல்லம்மா. எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான். கெடு முடிஞ்சு வந்த மனுவாம். நிலம் இல்லேன்னுட்டாங்க."