பன்னிரண்டு தும்மல்

கெலமங்கலத்துக்கு மேற்கே இரண்டு பங்காளி வீடுகளுக்கு நடுவே ஒரே மண்சுவர். இந்தப் பக்கம் செல்வம்மாளும் அவள் புருஷன் திம்மராயனும். அந்தப் பக்கம் அவன் அண்ணன் பெண்சாதி மாரம்மா, பிள்ளையில்லாத கைம்பெண். மாரம்மாவுக்குக் காலையில் ஒரு தும்மல் வரும். ஒன்றே ஒன்று. குழந்தை தும்மினால் "நூறு" என்று வாழ்த்துகிற ஊர், அவள் தும்மினால் முகம் சுளிக்கும். கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்குவார்கள். இரட்டையாக வந்தால் நல்லது, ஒற்றை ஆகாது.

செல்வம்மாளுக்கு இதைக் கண்டாலே எரிச்சல். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஆயாவாக இருந்தவள். சீழ் நாற்றத்தைத் தாங்க அங்கே பழகிய மூக்குப்பொடி இன்னும் விடவில்லை. பொடி மட்டை எப்போதும் இடுப்பில் இருக்கும்.

ஐம்பத்தாறாம் வருஷம் கேழ்வரகு அறுப்பில் திம்மராயன் காலில் அரிவாள் பட்டது. பத்தாம் நாள் கட்டைப் பிரித்ததுமே அவளுக்கு நாற்றம் சொல்லிவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வீக்கம் புறங்காலுக்கு ஏறியிருந்தது.

"வெரலு போயிட்டுது. இன்னும் ரெண்டு நாள் விட்டா காலு போவும். அப்புறம் நீயே போவ. நாளைக்கு ஓசூர் பஸ்ஸு."

"அறுப்பாங்களா?"

"பின்ன, பூ வெச்சு அனுப்புவாங்களா?"

மறுநாள் வாசலில் கால் வைத்தான். சுவருக்கு அப்பால் தும்மல். சட்டென்று உட்கார்ந்துவிட்டான். "தண்ணி கொண்டா."

சொம்பை அவன் காலி செய்வதற்குள் பஸ் போய்விட்டது. நாளுக்கு ஒரே பஸ். அவன் நிதானமாகக் குடித்ததைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது. தும்மலுக்கு அவன் பயப்படவில்லை, கத்திக்குப் பயப்படுகிறான்.

மத்தியானம் மாரம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, நாளைக்கு ஒருநாள் மூக்கப் பொத்திக்க. இல்லாட்டி ரெண்டாத் தும்மு."

"ஏண்டி, என் மூக்கு உன் ஊட்டுக் கூலியாளா? என் புருசன் செத்தப்ப, நான் தும்முனதாலதான் செத்தான்னு ஊரக் கூட்டிச் சொன்னவன் உன் புருசன். இப்ப கெஞ்ச வந்துட்டியா?"

"கெஞ்சலே. சொல்றேன்."

"வர்றப்ப வரும். போடி."

விடிந்தபோது வீக்கம் கணுக்காலைத் தாண்டியிருந்தது. செல்வம்மாள் புருஷனைத் தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தாள். அப்பால் தும்மல். அவன் உட்காரப் போனான்.

"உக்காந்தேன்னா, நானே அறுத்துடுவேன்!"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சுவரைச் சுற்றி ஓடினாள். மாரம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். செல்வம்மாள் மட்டையிலிருந்த பொடி முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, அவள் முகத்தில் ஊதினாள்.

"எண்ணுய்யா!" என்று புருஷனுக்குக் கேட்கக் கத்தினாள்.

முறம் எங்கோ பறந்தது. மாரம்மா தும்மினாள், திட்டினாள், மறுபடி தும்மினாள். "உன் கை அழுவ... அச்! உன் வாயி..."

கொஞ்சம் ஓய்ந்தது. சுவருக்கு மறுபக்கத்திலிருந்து திம்மராயனின் குரல் முனகியது. "பதினொண்ணும்மே. ஒத்தப்படை."

மாரம்மா இன்னொரு தும்மல் போட்டாள்.

"பன்னெண்டு," என்றாள் செல்வம்மாள். "நட."

ஓசூரில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

மாரம்மா சுவரை ஒரு முழம் உயர்த்திக் கட்டினாள். பேச்சுவார்த்தை அன்றோடு அற்றது. திம்மராயனோ, அவள் தும்மித்தான் விரல் போனது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். காலையில் அப்பால் தும்மல் கேட்டால், செல்வம்மாள் சண்டைக் குரலில் "நூறு!" என்று கத்துவாள். பதிலுக்குக் காறித் துப்பும் சத்தம் வரும். திம்மராயன் உட்கார இடம் தேடுவான்.

"காலு இருக்குதில்ல?" என்று அவன் கையில் தடியைத் திணிப்பாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், போ."