டிக்கி நிறைய ஸ்பீக்கர்

எண்பதுகளில் ஒரு நாள், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போக ஒரு ஹயர்காரைப் பிடித்தேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஸ்டியரிங்கைத் தொடும் வயிறு. பயணப்பையை வைக்க டிக்கியைத் திறக்கச் சொன்னேன்.

"இடமில்ல தம்பி, மடியில வெச்சிக்கோங்க. டிக்கி நிறைய ஸ்பீக்கர் இரிக்கி."

காரோடு வந்த சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பேஸ் அதிரும் பெரிய பெட்டியொன்றைப் பூட்டியிருந்தார். இனி வழியெல்லாம் சினிமாப் பாட்டுத்தான் என்று என் காதுகளுக்காக வருந்தினேன். அவர் கசெட்டைத் தள்ளினார்.

"வாப்பா, சுகமா இரிக்கீங்களா?" ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"சுகம் மகன்" என்று பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ட மகன், சவூதியில இரிக்கான். காயிதம் எழுதமாட்டான், கசெட்டுலதான் கதைச்சி அனுப்புவான். பழைய ஸ்பீக்கர்ல புள்ளட குரல் காதுக்குள்ள நுளம்பு இரையிற மாதிரிக் கேட்டிச்சி. அவனுக்கு நல்ல கனத்த குரல் தம்பி."

எத்தனை தடவை கேட்டிருப்பாரோ, ஒரு கேள்வியையும் பதிலில்லாமல் விடவில்லை. நிந்தவூர் தாண்டியதும் "ஸ்பீடா ஓடாதீங்க வாப்பா" என்றது பெட்டி. "ஓம் மகன்" என்று வேகத்தைக் குறைத்தார். "பீடிய விட்டுட்டீங்களா?" என்றபோது, புகைந்துகொண்டிருந்த பீடியை மெதுவாக ஜன்னலுக்கு வெளியே மறைத்துப் பிடித்தார்.

அக்கரைப்பற்றில் கார் நிற்கவும் கசெட் முடியவும் சரியாக இருந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது அந்தக் கனத்த குரல்.

அவரை முந்திக்கொண்டு நான்தான் பதில் ஸலாம் சொன்னேன்.