குழாயோடு ஓடிய பூரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நாயைக் குளிப்பாட்டினேன். இதை இவ்வளவு சாதாரணமாக ஒரே வரியில் எழுத முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

நாயின் பெயர் பூரி. மூன்று வருடத்துக்கு முன்பு நாமக்கல்லில் எங்கள் தெருவுக்கு எங்கிருந்தோ வந்து, என் மனைவி கலைச்செல்வி வைத்த இரண்டு பூரியைத் தின்றுவிட்டு அப்படியே தங்கிவிட்ட நாட்டு நாய். இப்போது அதன் காது மடலெல்லாம் உண்ணி. கால்நடை மருத்துவர் ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை போட்டு, பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். “பயமுறுத்தாம குளிப்பாட்டுங்க” என்றும் சொன்னார். ஷாம்புவின் பெயரைக் கவனமாகக் குறித்துக்கொண்டேன். மற்றது எதற்கு? எனக்கா நாய் குளிப்பாட்டச் சொல்லித் தர வேண்டும்?

செல்போனில் பதினேழு வீடியோ பார்த்தவன் நான். ஏதோ ஒரு குளிர் நாட்டில், பஞ்சு மூட்டை போன்ற நாய் ஒன்று தொட்டியில் கண்ணை மூடிக் கிடக்கிறது. பின்னால் பியானோ இசை வேறு…

என்னிடம் பியானோ இல்லை. பைக் கழுவ வாங்கிய பிரஷர் பம்ப் இருந்தது. ரெயின்கோட் போட்டுக்கொண்டேன். கிளவுஸ் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் டைல்ஸ் போட்ட துணி துவைக்கும் இடத்தில், குழாயில் சங்கிலியைக் கட்டி நாயை நிறுத்தினேன். எல்லாம் தயார் — நாயைத் தவிர.

பம்ப் உறுமியது. பூரியின் நான்கு கால்களும் நான்கு திசையில் வழுக்கின. “ஸ்டே!” என்று கத்தினேன். பூரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். ஷாம்புவை அள்ளிப் பூசினேன்; நுரை அதன் கண்ணில் வழிந்தது.

கலைச்செல்வி ஓடி வந்தாள். “ஏனுங்க, நாயைக் குளிப்பாட்டறீங்களா, லாரி கழுவறீங்களா? பம்ப்ப நிறுத்துங்க மொதல்ல!”

“நீ உள்ளே போ. எனக்குத் தெரியும்” என்றேன். கணவர்கள் சொல்லும் வாக்கியங்களில் இதற்குத்தான் ஆயுள் குறைவு. சொல்லி முடிப்பதற்குள் பூரி ஒரு இழு இழுத்தது. குழாய் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் நாய் இல்லை. முதுகில் நுரையும், கழுத்தில் சங்கிலியும், சங்கிலியில் குழாயுமாகத் திறந்திருந்த கேட் வழியாகப் போய்விட்டது.

கலைச்செல்வி ஸ்கூட்டரில் ஒரு பக்கம் கிளம்பினாள். நான் இன்னொரு பக்கம். கொளுத்தும் வெயிலில் ரெயின்கோட்டோடு ஓடும் ஒருவனை எங்கள் தெருவில் யாருமே எதுவும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும்போல.

தெரு முடிந்தால் மோகனூர் ரோடு. கரும்பு லாரி, மணல் லாரி, கோழித்தீவன லாரி… ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

இங்கே கொஞ்சம் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் ரோட்டோரத்தில் எதைப் பார்க்கப் பயந்து எதைத் தேடினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் கிடைத்தது. நின்றிருந்த லாரிக்கு அடியில், பின்சக்கரத்தை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. குழாய் எங்கோ கம்பியில் சிக்கியிருந்தது. நகர முடியவில்லை.

டிரைவர் கீழே குந்தியிருந்தார். பெயர் பெரியசாமி, ஐம்பது வயதிருக்கும். “உங்க நாயுங்களா? வண்டி எடுக்கறதுக்கு முந்தி கீழ குனிஞ்சு பாக்கறது நம்ம பழக்கமுங்க. இன்னிக்கு மட்டும் பாக்காம எடுத்திருந்தா…” என்று நிறுத்திக்கொண்டார்.

“பூரி!” என்றேன். என்னைப் பார்த்ததும் அது இன்னும் உள்ளே ஒடுங்கியது. தினமும் வாசலில் என் மேல் தாவும் நாய்.

“சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. உங்களப் பாத்துத்தான் அது பயப்படுது” என்றார் அவர். தப்பில்லாத தீர்ப்பு. தள்ளி நின்றேன்.

அவர் கூப்பிடவில்லை. விசிலடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல சாமி… ஆரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க சாமி…” என்று பேசிக்கொண்டே சங்கிலியைக் கழற்றினார். பத்து நிமிடம் கழித்து பூரி தானாக வெளியே வந்தது. தரையில் ஒரு கோணிச்சாக்கை விரித்து அதன் மேல் நிறுத்தினார். வெயிலில் இருந்த டிரம்மிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு மக்கில் மொண்டு, முதலில் காலில் ஊற்றினார். பிறகு முதுகு. முகத்தை ஈரத்துணியால் துடைத்தார், அவ்வளவுதான். என் நாய், என் கண் முன்னால், அசையாமல் நின்று குளித்தது. பொறாமையாக இருந்தது.

“இதையெல்லாம் எங்கங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“இதுல கத்துக்க என்னங்க இருக்குது? கால் வழுக்குனா ஆருக்குமே பயமாத்தான இருக்கும்?”

பதினேழு வீடியோவில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த இடத்தை ஓட்டிவிட்டிருப்பேன்.

மூன்று நாள் பூரி என் பக்கமே வரவில்லை. பழைய கால்மிதி ஒன்றைத் துவைக்கும் இடத்தில் விரித்து வைத்தேன். வெறுமனே அதன் மேல் நிற்பதற்கே அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்தாள் கலைச்செல்வி. தண்ணீர் கிடையாது. மறுநாள் காலி மக். அதற்கு மறுநாள் பாதங்களுக்கு மட்டும் வெந்நீர் கலந்த தண்ணீர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது காதில் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்து, கழுத்திலிருந்து ஷாம்பு போட்டேன். ஊறவேண்டிய பத்து நிமிடமும் கலைச்செல்வி முட்டையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சிகிச்சையில் பாதி அதுதான் என்பது அவள் கருத்து.

பூரி முறைத்தது. ஆனால் நின்றது.

குளித்து முடித்ததும் உடம்பை உதறி என்னையும் ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு, ஈரத்தோடு என் காலில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கோபம் அவ்வளவுதான்.

மனிதராக இருந்தால் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை விட்டே வெளியேறியிருப்பார்!