குளிருக்குப் போய்வந்த மரம்

கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஒரே மகள், கோத்தகிரியில் ஒரு செடிப் பண்ணைக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைப் பார்த்துப் பதிவுத் திருமணமும் முடித்துக்கொண்டு போனில் சொன்னபோதும் அப்படித்தான் ஆயிற்று. "உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம ஆட்கள் இல்லை, நம்மைக் கேட்கவும் இல்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் சண்டைச் சத்தமும் கேட்கும். நான் சொன்னதைத் தெருவே கேட்டுவிட்டது. பிறகு எப்படி இறங்கி வருவது? வீம்புக்கு ஆள் சேர்ந்துவிட்டால் அதை விடுவது லேசில்லை.

அடுத்த பொங்கல் விடுமுறைக்கு அவள் தனியாக வந்து போயிருக்கிறாள். நான் அரிசி வாங்கக் களம்பூர் போகிற நாளாகப் பார்த்து அவள் அம்மாதான் வரச் சொன்னாளாம். நான் மூட்டையோடு திரும்பியபோது, பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண் தட்டு இருந்தது. அதில் இரண்டு சாண் உயரத்துக்கு ஒரு மரம். ஓர் இலை கிடையாது. ஆனால் அடி பருத்து, வேர் மேலே தெரிய, கிளை பிரிந்து, ஏரிக்கரை மரம் ஒன்றை வெகுதூரத்திலிருந்து பார்ப்பது போல் இருந்தது.

"இன்னாது இது?"

"ஜப்பான் மேப்பிளாம். போன்சாய். நாலு வருஷமா பண்ணையில வெட்டி வெட்டி வளத்துச்சாம் உங்க பொண்ணு. உங்களுக்குன்னு வெச்சிட்டுப் போச்சு."

"தூக்கி வெளிய போடு."

"நீங்களே போடுங்க. நான் பாவு பிணைக்கப் போவணும்" என்று மனைவி கிளம்பிவிட்டாள். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் இருக்கும் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது அவள் தொழில். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுகூடத் தப்பாது. என் கோபத்துக்கும் அவள் அப்படித்தான், பேசாமல் தன் வேலையைப் பார்ப்பாள்.

காய்ந்த குச்சிதானே, கிடக்கட்டும் என்று விட்டேன். மாசியில் ஒரு நாள் காலை பல் தேய்க்கப் போனவன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். குச்சி முனையெல்லாம் சிவப்பு. ஒவ்வொரு இலையும் சுண்டுவிரல் நகம் அளவுதான், அதற்குள் ஐந்து விரல். சாயப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான், எத்தனையோ அரக்கையும் குங்குமச் சிவப்பையும் கையால் தொட்டு நெய்தவன். இந்தச் சிவப்பு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். மனைவி பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. பத்தே நாளில் இலை ஓரம் கருகியது. குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரை ஊற்றினேன். "நமக்கு சமையலுக்கு போர் தண்ணி, துரைக்கு கேன் தண்ணியா?" என்றாள். அன்றிலிருந்து மரத்தின் பெயர் துரை. காலை வெயில் மட்டும் படும்படி துரைக்குப் பச்சை வலை கட்டினேன். சித்திரை வெயிலில் தட்டைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டேன். அப்படியும் இலையெல்லாம் அப்பளம் மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இதுக்கு ஒரு முருங்க நட்டிருந்தா கொழம்புக்காவது ஆயிருக்கும்" என்றார். அவரோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை போய் மார்கழி வந்தது. இலை பழுக்கவும் இல்லை, உதிரவும் இல்லை, அரையும் குறையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறு மாசியில் மூன்றே மூன்று இடத்தில் துளிர் வந்தது. மனைவி போனில் வீடியோ போட்டு மகளிடம் காட்டினாள். நான் அடுத்த அறையில் தறியில் இருந்தேன்.

"அதுக்குத் தூக்கம் வோணும்மா. குளிர்ல ரெண்டு மாசம் தூங்கினாத்தான் எழுந்து துளிர் வெக்கும். ஆரணியில இன்னா குளிரு? வர்ற கார்த்திகையில இங்க கொண்டாந்து வுட்டுட்டு மாசியில எடுத்துகினு போங்க. இன்னொரு வருஷம் அங்கேயே வெச்சா செத்துடும்."

"இன்னாங்க, தறி நின்னுடுச்சு? இழ அறுந்துடுச்சா?" என்று மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். நான் அவசரமாக மிதியை மிதித்தேன்.

அந்த மழைக்காலத்தில் மரம் தட்டுத் தடுமாறித் தேறியது. அடியிலிருந்து நீளமாக ஒரு துளிரும் எழுந்தது. கிளைகள் மேல்நோக்கிப் போவதைத் தாழ்த்த அலுமினியக் கம்பி சுற்றும்படி மகள் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள், மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கவும் சொல்லியிருந்தாள். கம்பி எதற்கு, பட்டு நூலைவிட அது உசத்தியா என்று நான் மூன்று இழை பட்டு நூலை முறுக்கிக் கிளையில் கட்டி, தட்டின் விளிம்போடு இழுத்துப் பிடித்தேன். தொய்வு எனக்கு ஆகாது. பாவில் ஒரு இழை தொய்ந்தால் புடவையில் தெரிந்துவிடும் என்று நினைத்து நினைத்தே கை பழகிவிட்டது. விரலால் சுண்டினால் சத்தம் கேட்கிற மாதிரி கட்டினேன். அந்த வேலை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகை வந்தது. "எனக்கு மலை பஸ்ஸு ஏறினா வாந்தி வரும், நீங்கதான் போவணும்" என்றாள் மனைவி. அவளுக்கு அப்படி ஒரு வியாதி இருப்பது கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். காட்பாடியில் ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு தட்டை மடியில் அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தூறல். மகள் குடையோடு நின்றாள், முன்னைவிட இளைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துப் பார்க்கிறேன். அவளோ என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது இன்னா கட்டு?"

பார்த்தால், பட்டு நூலைக் காணோம். கிளை பருத்து நூலை விழுங்கியிருந்தது, பட்டைக்குள் வெட்டுக் காயம் மாதிரி ஒரு வளையம்.

"ஜல்தி வா, வூட்ல கத்தரி கீது. இப்பவே அறுக்கணும்" என்று என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கு வீம்பும் நினைவில்லை, தெருவும் நினைவில்லை. நான் கொன்றுவிட்டேனோ என்ற பயம்தான் இருந்தது.

அவள் வீட்டு வாசலில் கால் நின்றுவிட்டது. அவள் உள்ளே உட்கார்ந்து சின்னக் கத்தரியால் இழை இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தூறலில் நனைந்தபடி எட்டி எட்டிப் பார்த்தேன். ஒல்லியாக ஒருவர் துண்டோடு வந்து, "உள்ள வாங்க மாமா, நனையறீங்க. இங்கத்த குளிர் உங்களுக்கு ஆகாதுங்க" என்றார். மாப்பிள்ளை. வாசற்படியில் கால் வைக்காமல் எட்டி உள்ளே தாண்டினேன். மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னோம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். அடுத்த பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாசியில் திரும்ப எடுக்கப் போனபோது மனைவியும் வந்தாள். வழியெல்லாம் கடலை கொறித்துக்கொண்டு வந்தாள், ஒரு குமட்டல்கூட இல்லை. மரம் நன்றாகத் தூங்கி எழுந்து மொட்டுக் கட்டியிருந்தது, நான் கட்டிய கிளை மட்டும் பட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே வெறிச்சென்று இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வுடுப்பா. ஒரு வழி கீது" என்றாள் மகள். தண்டில் அந்த இடத்தில் மெல்லிய துளை போட்டு, அடியிலிருந்து எழுந்த நீளத் துளிரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, துளைக்குள் நுழைத்து முன்பக்கம் எடுக்க வேண்டும். துளிர் பருக்கப் பருக்க தண்டோடு ஒட்டிக்கொள்ளும். நன்றாக ஒட்டிய பிறகு பின்னால் வெட்டிவிட்டால் முன்னால் இருப்பது மரத்தின் சொந்தக் கிளையாகிவிடும்.

மாப்பிள்ளை துளை போட்டார். நுழைக்கிற வேலைக்கு மகள் கையை நீட்டியபோது மனைவி தடுத்தாள். "நீ தள்ளு. மொட்டு ஒடியாம நுழைக்கணும், அவ்ளோதானே?" அடுப்படியில் சாம்பல் இல்லாததால் சாமி மாடத்திலிருந்து விபூதியை எடுத்து விரலில் தொட்டுக்கொண்டாள். துளிர் ஒரு மொட்டும் உதிராமல் மறுபக்கம் வந்தது. "உங்க வேலைய சரிகட்டறதே என் பொழப்பா போச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு பயணம், கார்த்திகையில் ஒன்று, மாசியில் ஒன்று. தெருவில் கேட்டால், "துரைய குளிருக்கு வுட்டுட்டு வரணும்" என்பேன். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அடுத்த மாசியிலேயே பின்பக்கத்தை வெட்டிவிடலாம் என்று நான் குதித்தேன். மகள் விடவில்லை. துளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலால் தடவிக் காட்டினாள். "முன்பக்கம் பின்பக்கத்தவிட தடியா ஆவணும்பா. அப்பத்தான் மரம் தானே அதுக்கு சாப்பாடு ஊட்டுதுன்னு அர்த்தம். ஜல்தி பண்ணாத." பண்ணவில்லை. என் ஆயுளில் நான் பொறுத்திருந்த காரியம் அது ஒன்றுதான்.

இந்த வருஷ மாசியில், "இன்னிக்கு வெட்டலாம்" என்றாள். கத்தரியை என் கையில் கொடுத்தாள். வெட்டிவிட்டேன். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிய மொட்டு விரிய வேண்டும். தறியில் பாதிப் புடவை நின்றது, கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியது. ஆனாலும் மனைவியோடு அந்த வீட்டில் பத்து நாள் தங்கினேன். காலையில் எழுந்ததும் மாப்பிள்ளையும் நானும் காப்பி டம்ளரோடு மரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பத்தாம் நாள், ஒட்டுக் கிளையில் மற்றக் கிளைகளைப் போலவே சிவப்பு விரிந்தது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புறப்படும்போது மகள் சொன்னாள்: "அப்பா, மரத்த இங்கியே வுட்டுடு. அங்க வருஷா வருஷம் வெயில்ல கருகுது. இங்க இருந்தா இன்னும் நல்லா வரும்."

உண்மைதான். எனக்கே தெரியும். ஆனாலும், "அதெல்லாம் ஆரணிக்குப் பழகிடுச்சு, நான் எடுத்துகினு போறேன்" என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மரம் இங்க இருந்தா நீ வர மாட்டியாப்பா?"

கோபம் வரவில்லை. அவள் கேட்டதுதான் என் பயம். இத்தனை வருஷமாக மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு, மகளைப் பார்க்க வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு தடவையும் வரவில்லை. தட்டைத் திண்டில் வைத்தேன், வெட்டு விழுந்த பக்கம் பின்னால் இருக்கும்படி திருப்பி வைத்தேன். மலை இறங்கும்போது பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போன வாரம் போனேன். சித்திரை வெயிலில் பெட்டியோடு கிளம்பியவனைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னா, துரைய எடுத்தாரப் போறியா? மாசி எப்பவோ போயிடுச்சே" என்றார். "பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்றேன். தெரு முழுக்கக் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். அங்கே மகள் கதவைத் திறந்ததும் என் கையைப் பார்த்தாள், பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்" என்று சொல்லி, வாசற்படியில் நன்றாகக் கால் வைத்து உள்ளே போனேன்.